மூடி இருக்குல்ல?

அவரை நினைத்தால் முகம் ஞாபகத்துக்கு வருவதற்கு முன்னால் வாடை வந்துவிடும். பழைய மீன்குழம்பும், அதன் மேல் அடித்த மல்லிகை வாசனை ஸ்பிரேயும் சேர்ந்த வாடை. தனித்தனியாக இரண்டையும் சகித்துக்கொள்ளலாம். சேர்ந்து வந்தால் முடியாது. இதை எழுத உட்கார்ந்த பிறகு, எந்தக் காரணமும் இல்லாமல் எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். அவர் விஷயத்தில் எனக்கு அப்படித்தான்.

தெலுங்கு பேசுகிற ஊரான மல்லாபூரில் பெயின்ட் கிடங்குக்கும் இரும்புப் பட்டறைக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன கம்பெனியில் அவர் எனக்கு மேலதிகாரி. நாங்கள் செய்தது வார்மர். எடை குறைவாகப் பிறந்த குழந்தையைப் படுக்க வைத்து, மேலிருந்து ஹீட்டரால் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் சின்னக் கட்டில். அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதுகிற கூட்டத்துக்கு அவர் தலைவர். நான் மதுரையிலிருந்து போய் அல்வாலில் வாடகைக்கு இருந்தேன். அவர் போலாரத்தில் தாத்தா காலத்திலிருந்தே குடியிருக்கும் தமிழர். தமிழ்க்காரி ஒருத்தி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்றதும், முதல் நாளே தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"மீன் சாப்புடுவியாமா? ஹவ்வா நக்கோவா?"

ஆமாவா, வேண்டாமா என்று அந்த ஊர் உருதைக் கலந்து கேட்டார். சாப்பிடுவேன் என்று சொல்லித் தொலைத்தேன். விரலால் ஒரு துண்டைப் பிய்த்து, என்னைக் கேட்காமலே என் சோற்றின் மேல் வைத்தார். சற்று முன்புதான் அதே விரல் பைக் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தது. அன்று என் சாப்பாடு முழுவதும் குப்பைத்தொட்டிக்குப் போனது. என் கீபோர்டை அவர் தொடவே கூடாது என்பதற்காக, அடுத்த வாரமே பழைய கீபோர்டு ஒன்றைத் தேடி எடுத்து "சார், உங்களுக்கு இது" என்று பக்கத்தில் வைத்தேன். அதைப் பெரிய மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

ஆபீஸ் ஃப்ரிட்ஜில் அவருக்கென்று ஒரு தட்டு. அதில் டப்பாக்கள். எந்த மாதத்துக் குழம்பு, எந்தப் பண்டிகையின் பிரியாணி என்று யாருக்கும் தெரியாது. எங்கள் டெஸ்டர் ஸ்வப்னா நல்கொண்டாப் பக்கத்துப் பெண், நான் செய்வதைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அவள் ஒருநாள் பால் எடுக்கப்போய், ஒரு டப்பா உருண்டு மூடி திறந்துகொள்ள, உள்ளே பச்சையாக முடி முளைத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டாள். "ச்சீ, ஏன்ட்டக்கா இதி!" என்னக்கா இது என்று தெலுங்கில் கத்தியவள் வாஷ்பேசினுக்கு ஓடினாள். நான் டப்பாவோடு அவரிடம் போய், தூக்கிப் போடட்டுமா என்று கேட்டேன்.

"நக்கோ நக்கோ. டப்பா நல்ல டப்பா. கைக்கு டென்ஷன் ஆகுற? மூடி இருக்குல்ல?"

கைக்கு என்றால் அவர் பாஷையில் எதற்கு. மூடியை அவரே எடுத்து, ஓரத்தில் வழிந்திருந்ததைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, அழுத்தி மூடினார். கட்டைவிரலை எங்கே துடைத்தார் என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கே ஜன்னலில் திரைச்சீலை இருந்தது, அவ்வளவுதான்.

எடுக்க மாட்டார், மூடுவார். மொத்த மனிதரும் இதுதான். கதவுக்குப் பின்னால் சுவரில் அவர் துப்பிய பாக்குக் கறை இருந்தது. அதன் மேல் காலண்டர் தொங்கும். கறை பெரிதாகப் பெரிதாகக் காலண்டரும் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு வருஷம் பேங்க் காலண்டர் போதாமல் போய், பெயின்ட் கம்பெனியிலிருந்து ஆளுயரக் காலண்டர் கேட்டு வாங்கி மாட்டினார்.

பெருச்சாளி சமாச்சாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. மீட்டிங் அறையின் பொய்க்கூரைக்குள் ஒரு பெருச்சாளி செத்துப்போனது. துப்புரவு வேலை பார்க்கிற அம்மா ஏணி போட்டு எடுத்துவிடுகிறேன் என்றார். இவர் விடவில்லை. எடுக்கப்போனால் நாற்றம் ஆபீஸ் முழுக்கப் பரவுமாம். தானே நாற்காலி மேல் ஏறி அந்தப் பலகையைச் சுற்றி டேப் ஒட்டி, கீழே மல்லிகை ஸ்பிரே அடித்தார். அந்த வாரம் எங்கள் மெஷினைப் பார்க்க ஒரு குழந்தை டாக்டர் வந்திருந்தார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மேலேயிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. இவர் பேச்சை நிறுத்தவே இல்லை. டீ சாஸரை எடுத்து அந்தச் சொட்டின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஹீட்டரின் சிறப்புகளைத் தொடர்ந்து சொன்னார். டாக்டர் கூரையைப் பார்த்தார், சாஸரைப் பார்த்தார், பிஸ்கட்டைத் தொடவில்லை.

அவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு வேலை சுலபம். ஆபீஸில் அத்தனை பேரும் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இட்லி கட்டிக்கொண்டு போய் நிற்பார். கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு கொண்டுவருவார். குரல் உயர்த்தி ஒருவரைத் திட்டி நான் பார்த்ததில்லை. ஸ்வப்னாவும் நானும் மட்டும்தான் அவர் பக்கத்தில் வந்தால் நாற்காலியை நகர்த்துகிறவர்கள். திமிர் பிடித்தவர்கள் என்று எங்களுக்குப் பெயர்.

புரோகிராம் எழுதுவதிலும் அவர் அதே மனிதர்தான். தேவையில்லாமல் போன வரிகளை அழிக்க மாட்டார். "டிலீட் பண்ணாதமா, நாளைக்கு வேணும்பாங்க. ஒரு இஃப் போட்டு மூடி வை" என்பார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். ஒரு பகுதியின் தலையில் 'இஃப்' என்று ஒரு குறியும் காலில் 'எண்டிஃப்' என்று ஒரு குறியும் போட்டு, இது ஃபேக்டரி சோதனைக்கு என்றால் மட்டும் எடுத்துக்கொள், ஆஸ்பத்திரிக்குப் போகிற மெஷின் என்றால் விட்டுவிடு என்று சொல்லி வைக்கலாம். கம்பைலர் சொன்னபடி கேட்கும். வேண்டாத பகுதி மெஷினுக்குள் போகவே போகாது. நல்ல வசதிதான். ஆனால் இவர் எழுதிய ஃபைல்களைத் திறந்தால் முக்கால்வாசி இந்த மூடிகளும், மூடிகளுக்குள் மூடிகளும்தான். ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது வருகிற அதே உணர்ச்சி எனக்கு வரும்.

வார்மரில் ஒரு அட்டவணை உண்டு. எவ்வளவு சூட்டில் ஹீட்டர் குறைய வேண்டும், எப்போது அலாரம் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். குழந்தையின் தோலில் ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அது கழன்று விழுந்தால் மெஷின் ஏமாந்துவிடும். குழந்தை குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஹீட்டரை முழு வேகத்தில் எரிய விடும். அந்த நேரத்தில் அலாரம் அடித்து ஹீட்டர் அணைய வேண்டும். ஃபேக்டரியில் ஹீட்டரைச் சோதிக்கும்போது மட்டும் இந்தப் பாதுகாப்பை நிறுத்தி வைப்போம். ஆக அட்டவணையில் இரண்டு பகுதி. முதலில் ஆஸ்பத்திரிக்கானது. அடுத்தது, இஃப் மூடிக்குள், அலாரம் இல்லாத ஃபேக்டரிப் பகுதி.

ரொம்ப நாள் அந்த அட்டவணை தனி ஃபைலாக இருந்தது. இஃப் குறிகளைப் பார்த்து வேண்டாததை வெட்டிவிட்டுத் தருவதற்கென்றே ஒரு சின்ன புரோகிராம் அதன் மேல் ஓடும். வெட்டியது போக மீதிதான் மெஷினுக்குப் போகும். இவருக்கு அந்த ஒரு படி அதிகப்படியாகத் தோன்றியது. ஒருநாள் அட்டவணையை அப்படியே, இஃப் எண்டிஃப் சகிதம், அள்ளிக்கொண்டுவந்து புரோகிராமுக்கு நடுவில் மேற்கோள் குறிகளுக்குள் ஒட்டிவிட்டார். கம்பைலர்தான் இஃப் பார்த்து வெட்டுமே, இங்கேயும் வெட்டிவிடும் என்று நினைப்பு.

மேற்கோள் குறிக்குள் இருப்பதைக் கம்பைலர் பார்க்காது. அதற்கு அது வெறும் எழுத்து. உள்ளே பாட்டு இருந்தாலும் சரி, வசவு இருந்தாலும் சரி, இஃப் இருந்தாலும் சரி, வைத்தது வைத்தபடி தூக்கிக் கொடுத்துவிடும். அதன் நியாயம் அது, நான் கம்பைலரைக் குறை சொல்ல மாட்டேன். மெஷினுக்குள் அட்டவணையை வரிவரியாகப் படிக்கிற பகுதியோ, இஃப், எண்டிஃப் மாதிரி குறியில் தொடங்குகிற வரிகளைக் குறிப்பு என்று நினைத்துத் தாண்டிவிடும். ஆக மூடி இரண்டும் இருந்த இடத்தில் அழகாக இருந்தன, எதையும் மூடவில்லை. ஆஸ்பத்திரிப் பகுதியைப் படித்த மெஷின், அடுத்து வந்த ஃபேக்டரிப் பகுதியையும் படித்து, பின்னால் வந்ததையே வைத்துக்கொண்டது. எங்கேயும் ஒரு பிழைச் செய்தி வரவில்லை.

ஃபேக்டரியில் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணமும் அவர்தான். ஃபேக்டரி சோதனையில் அலாரம் அடிக்கக் கூடாது, அடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று ஸ்வப்னா கேட்டிருந்தாள். "அதே புரோகிராம்தானமா, ஒரு இஃப்தான வித்தியாசம்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

தெரிய வைத்தது வாரங்கல் பக்கத்து நர்ஸ் ஒருவர். சென்சார் கழன்று, ஹீட்டர் முழுசாக எரிந்து, தற்செயலாக அந்தப் பக்கம் போனவர் குழந்தை சிவந்து கிடப்பதைப் பார்த்துத் தூக்கியிருக்கிறார். குழந்தை பிழைத்தது. அந்த நர்ஸ் போனில் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார். மோகலேது, மோகலேது. அடிக்கவில்லை, அடிக்கவில்லை.

மெஷின் திரும்பி வந்தது. நான் புரோகிராமைத் திறந்து அந்த மேற்கோள் குறிகளைப் பார்த்தேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கம்பைலர் எரர் சொல்லலையேமா?"

"அது ஏன் சார் சொல்லும்? கொட்டேஷனுக்குள்ள நீங்க என்ன எழுதினாலும் அதுக்கு வெறும் எழுத்து."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே பல்லிடுக்கைக் குத்தினார். "ஹவ்... சரி. வெட்டி வெளிய எடுத்துட்டா சரியாயிடும்ல? எடுத்துடு."

அழிக்காத மனிதர் எடு என்றதும் ஒரு நொடி நம்பிவிட்டேன். "வெளிய போன மெஷினெல்லாம் சார்?"

"அது சர்வீஸுக்கு வரும்போது பாத்துக்கலாம்."

"வராட்டி?"

"கம்ப்ளைன்ட் வந்தா வரும். இப்ப கைக்கு எல்லாரையும் கிளப்பணும்? ஆஸ்பத்திரிக்காரன் பயந்துடுவான், ஓனருக்குப் பேர் போயிடும். சென்சார் கழன்டாத்தான பிரச்னை? நர்ஸு ஒழுங்கா ஒட்டினா ஒண்ணும் ஆகாது." குரல் இட்லி கொடுக்கிற அதே கனிவான குரல். "மூடி வைமா. நான் பாத்துக்கறேன்."

நானும் ஸ்வப்னாவும் ஓனரிடம் போனோம். இவர் எங்களுக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தார். சென்சார் ஒட்டுகிற பசை சரியில்லை என்று சொல்லியிருந்தார். பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் ஆள் போய் புரோகிராமை மாற்றினார்கள், மாற்றுவது ஏன் என்று சொல்லாமல். டீலர் வழியாக விற்றவற்றைக் கேட்டால், டீலர் இன்னொரு டீலரைக் கைகாட்டினான். நாங்கள் எங்களுக்குத் தெரிந்த நர்சிங் ஹோம்களுக்குப் போன் போட்டுச் சொல்ல ஆரம்பித்தோம். போட்டியாளருக்கு வேலை பார்க்கிறோம் என்று சொல்லி இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். கடைசி நாளில் அவர் எங்களுக்கு அச்சு முறுக்கு கொடுத்தார். கோபமே இல்லை அவருக்கு. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு.

அதன் பிறகு அவர் குரலைக் கேட்டது சில வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்மா." பெயர் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. "பொண்ணுக்கு நேத்து டெலிவரி. பொட்டப் புள்ள. வெயிட் கம்மின்னு வார்மர்ல வச்சிருக்காங்க. அல்வால்லதான்." மூச்சு வாங்கினார். "அது நம்ம மெஷின்மா. பழசா, மாத்தினதான்னு எப்படிப் பாக்கறது?"

அடுப்பை அணைத்தேன். அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கிற எதுவும் அந்தக் குழந்தை மேல் இல்லை. குழந்தையை முதலில் தூக்கிக்கொள்ளச் சொன்னேன். பிறகு சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டு ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னேன். அடித்தால் புதுசு, அடிக்காவிட்டால் பழசு.

கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். குரல் தெளிந்திருந்தது. "அடிக்கலமா. நல்லவேளை. பக்கத்துல வேற கம்பெனி மெஷின் இருந்துது, புள்ளைய அதுக்கு மாத்தச் சொல்லிட்டேன். ரொம்ப தேங்க்ஸ்மா, நீ நல்லா இருக்கணும்."

"அந்த மெஷின் சார்?"

"எது?"

"அடிக்காத மெஷின். ஆஃப் பண்ணிட்டாங்களா?"

"அதுல... வேற புள்ளைய வச்சிருக்காங்க. ரெண்டு புள்ளையையும் மாத்திப் படுக்க வச்சாங்க. நான் என்னன்னுமா போய்ச் சொல்றது? யாரு செஞ்ச மெஷின்னு கேப்பாங்கல்ல? சென்சார் நல்லாத்தான் ஒட்டியிருக்கு, நான் பாத்தேன்."

போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அல்வாலில் அந்த நர்சிங் ஹோம் என் வீட்டிலிருந்து நாலைந்து தெரு. என்ன டோக்கன், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட ஆளைத் தாண்டி மாடிக்கு ஓடினேன்.

கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. உள்ளே இரண்டு வார்மர். ஒன்றின் பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவர் மகள், அவருக்குப் பின்னால் இவர். இன்னொன்று எங்களுடையது. தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. கம்பெனி பெயர் போட்ட முன்பக்கத் தகட்டின் மேல் மட்டும் ஒரு பூப்போட்ட டவல் தொங்கிக்கொண்டிருந்தது. அது அந்த ஆஸ்பத்திரி டவல் இல்லை. போலாரம் வீட்டு டவல்.

அதற்குக் கீழே யாருடைய குழந்தையோ, முஷ்டியை மடக்கிக்கொண்டு தூங்கியது.

நர்ஸிடம் எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன், கத்தித்தான் சொன்னேன். முதலில் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார். குழந்தையைத் தூக்குங்கள், நான் காட்டுகிறேன் என்றேன். அந்தக் குழந்தையின் அப்பா, ஆட்டோ டிரைவர் காக்கிச் சட்டையோடு ஒரு இளைஞன், எனக்கு முன்னால் அவனே உள்ளே வந்து தூக்கிக்கொண்டான். நான் சென்சாரைப் பிடித்துக் காற்றில் தொங்கவிட்டேன். டவல் என் முழங்கை பட்டு நழுவித் தரையில் விழுந்தது.

எல்லோரும் அலாரத்துக்குக் காத்திருந்தோம். மேலே ஹீட்டர் செக்கச்செவேல் என்று ஏறிக்கொண்டே போனது. மெத்தையின் ரெக்சின் சூடாகிற வாடை வர ஆரம்பித்தது. ஒரு சத்தமும் இல்லை. நர்ஸ் தன் போனை எடுத்து, ஹீட்டரிலிருந்து கம்பெனி பெயர் வரைக்கும் வீடியோ எடுத்தார். எங்கள் நர்ஸ்கள் குரூப்பில் போடுகிறேன், எத்தனை இடத்தில் இது இருக்கிறதோ இன்றைக்கே தெரிந்துவிடும் என்றார். பிறகு பிளக்கைப் பிடுங்கினார்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அப்பாவைத்தான் பார்த்தார்.

"டாடி, ஆப் கோ பெஹ்லே ஸே மாலும் தா?"

முன்னாலேயே உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். ஆட்டோக்காரன் இவரையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். இவர் எனக்குப் பக்கத்தில் வந்தார். மல்லிகை ஸ்பிரே வாடை அடித்தது.

"மெதுவா சொல்லியிருக்கலாம்லமா" என்றார் கனிவாக.

பிறகு குனிந்து தரையில் கிடந்த டவலை எடுத்தார். தூசி போக ஒரு உதறு உதறினார். நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அணைந்து கிடந்த அந்த மெஷினின் பெயர்த் தகட்டின் மேல் அதை மறுபடியும் போட்டு, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தார்.